தரைக்குள் இறங்கிய பந்து

அத்தியாயம் பதினேழு

வேனில் விடைபெற்றும் பெறாமலும், கார் தொடங்கியும் தொடங்காமலும் இடையில் நிற்கும் சில நாள்கள் உண்டு. பருவங்களை ஆறாகப் பகுத்த முன்னோர் அவற்றுக்குத் தனிப்பெயர் சூட்டவில்லை. சூட்டியிருந்தால் அது இனிய பெயராக இருந்திராது. காலையில் மேகங்கள் கருக்கொண்டு வந்து வானை அடைத்து நிற்கும். கதிரவன் திரைக்குப் பின்னே ஏற்றிய விளக்கைப்போல மங்கித் தெரிவான். நண்பகலில் காற்று ஒடுங்கிவிடும். மரங்கள் இலையசைக்க மறந்து நிற்கும். இதோ பொழியும், இதோ பொழியும் என்று மண்ணும் மாந்தரும் அண்ணாந்து பார்த்திருக்க, மாலையில் அம்மேகங்கள் எவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் கலைந்து போகும். எஞ்சுவது வியர்வை ஒன்றுதான். பொறுமையை அணிகலன் என்பார்கள்; அந்நாள்களில் அந்த அணிகலன் கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குகிறவர்கள் மூன்றாவது வாக்கியத்துக்குள் கத்திவிடுவார்கள்.

அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமை.

மூன்றாம் தளத்தில் எதிரெதிரே இரண்டு கதவுகள். ஒன்றில் அண்ணன் குடும்பம், மற்றொன்றில் தம்பி குடும்பம். அண்ணன் கட்டடம் கட்டடமாகச் சென்று லிஃப்டுகளைப் பரிசோதிக்கிறவர். தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இவர்களைக் கைப்பிடித்த பெண்கள் இருவரும், விதி என்பதா விளையாட்டு என்பதா, ஒரே நிறுவனத்தில் ஒரே பொருளுக்காக உழைப்பவர்கள். வரைந்த படங்களை அசையவைக்கும் அனிமேஷன் மென்பொருள்தான் அந்தப் பொருள். அதைக் கற்பிக்கும் அச்சு நூலை எழுதியவள் மூத்தவள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு பதிப்புக் கண்டது. அதையே கணினித் திரையில் வீடியோக்களாகக் கற்பிப்பவள் இளையவள். ஓர்ப்படிகள் இருவர் ஒரு சமையலறையைப் பகிர்ந்துகொள்வதே பெரும்பாடு. இவர்கள் பகிர்ந்துகொண்டது ஒரே மாணாக்கரை.

அந்த இழுபறிக்கு மேலாளர் சென்ற வாரம் ஒரு கெடு வைத்தார். அலுவலகத்தில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். எந்தக் கெடுவும் நெருங்குமுன்பே அடிக்கத் தொடங்கிவிடுவார்.

"புத்தகத்துக்கு மூணாவது பதிப்பு வேணுமா, இல்ல வீடியோவே போதுமான்னு எனக்குத் தெரியணும். ஆளுக்கொரு புது ஆளைக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் புத்தகத்தை மட்டும் பார்க்கட்டும், ஒருத்தர் வீடியோவை மட்டும் பார்க்கட்டும். ரெண்டு மணி நேரத்துல ஒரு பந்து மேலேருந்து விழுந்து, தரையில பட்டு, துள்ளணும். அவ்வளவுதான்."

நூல் தோற்றால் மூத்தவளின் மேசை போய்விடும். திங்கட்கிழமை முதல் அவள் வீடியோப் பிரிவில், இளையவளின் கீழ் அமர்ந்து, இளையவள் பேசுவதற்கு வசனம் எழுத வேண்டும். வீட்டில் எந்தப் பேச்சிலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருந்து பழகியவள், அலுவலகத்தில் முதல் சொல்லுக்கும் அனுமதி கேட்க வேண்டும். ஆறு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய ஆள் என்று தேடியதில் இருவருக்கும் வேறு எவரும் அகப்படவில்லை. கணவர்கள் அகப்பட்டார்கள்.

"என்னங்க, அவசரப்பட வேண்டாம். புத்தகம் சொல்றபடி செஞ்சாப் போதும்" என்றாள் மூத்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"இருபத்திரண்டு வருஷமா நான் செய்யறதே அதுதானே? ஒரு படியைக்கூடத் தாண்ட மாட்டேன்" என்றார் பரிசோதகர்.

அந்த உறுதிமொழி அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அது எவ்வளவு பெரிய பேதைமை என்பது பத்தே முக்காலுக்குத்தான் தெரிந்தது.

எதிர்க் கதவு திறந்தது. இளையவளின் குரல் முதலில் வந்தது. ஆள்கள் பின்னால் வந்தார்கள்.

"ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு நான் சொல்றதைக் கேட்டாப் போதும். கேட்கிறீங்களா?"

"ம்" என்றார் ஓட்டுநர்.

"என்ன சொன்னேன்?"

"கேட்கச் சொன்ன."

"என்னத்தைக் கேட்கச் சொன்னேன்?"

ஓட்டுநர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணா, லிஃப்ட் ஓடுதா?"

"ஓடாது. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு திருகு குறையுது."

"நாலு மாசமாவா?"

"திருகு நாலு மாசமா வரலையே."

நால்வரும் மூன்று தளம் இறங்கினார்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி.

*

அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த இரண்டு சிற்றறைகள். ஒன்றில் பரிசோதகர், கணினி, பக்கத்தில் நூல். மற்றொன்றில் ஓட்டுநர், கணினி, காதில் ஹெட்ஃபோன். மனைவியர் வெளியே நாற்காலியில் அமரலாம். பேசலாகாது, சைகை காட்டலாகாது. நடுவில் கைக்கடிகாரமும் தானுமாக அலாரம் நின்றார்.

பரிசோதகர் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நூலின் முன்னட்டையைப் படித்தார். திருப்பிப் பின்னட்டையைப் படித்தார். பிறகு முன்னுரைக்கு வந்தார். அது பதினான்கு பக்கம். உலகெலாம் அசைவித்து நிற்பவனின் ஆடலை வணங்கித் தொடங்கி, அசையாத படத்துக்குள் உறங்கும் உயிரைப் பற்றி அவள் மெய்ம்மறந்து எழுதிய பகுதி. இதுகாறும் அதை முழுதும் படித்தவர் எவரும் இல்லை. அவர் படித்தார், விரல் வைத்து, வரிவரியாக.

"தாண்டுங்களேன்" என்று அவள் உதட்டுக்குள் முனகினாள்.

"மேடம்" என்றார் அலாரம்.

பத்து நாற்பதுக்கு அவர் முதல் அத்தியாயத்தைத் தொட்டார். பத்தே முக்காலுக்கு அவருடைய திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நீண்டு முடிந்தது. அவர் எழுந்து, கதவைத் திறந்து, கடமை முடித்தவரின் முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

"முதல் படி முடிஞ்சது. அகற்றிட்டேன்."

"எதை?" என்றார் அலாரம்.

"'முன்னரே நிறுவப்பட்ட பதிப்பு ஏதேனும் இருப்பின், அதனை அகற்றிவிட்டே தொடங்குக.' பக்கம் பதினைஞ்சு. ஒண்ணு இருந்தது. அகற்றிட்டேன்."

"சார், அது பழசு இல்ல. நீங்க கத்துக்க வேண்டிய மென்பொருளே அதுதான். காலையில நாங்க போட்டு வச்சோம்."

"'ஏதேனும்'னு இருக்கே."

மூத்தவள் விதியை மீறினாள். "ஏங்க, எல்லாம் தயாரா இருந்ததே! ரெண்டாவது அத்தியாயத்துலேருந்து ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"ஒரு படியைத் தாண்டச் சொல்றியா?" அவர் பார்வையில் உண்மையான வேதனை இருந்தது. "பத்தாவது மாடியில அந்தரத்துல தொங்கினவங்களைக் கேட்டுப் பாரு. எவனோ ஒருத்தன் 'தயாராத்தான் இருக்கு'ன்னு தாண்டினதோட பலன் அது."

கதவு சாத்திக்கொண்டது. மென்பொருளைத் திரும்ப நிறுவ முப்பது நிமிடம் ஆனது. மூத்தவள் அந்த முப்பது நிமிடமும் மனத்துக்குள் தெரிந்த தெய்வங்களையெல்லாம் அழைத்தாள். அவர்களிடமும் சற்று எரிச்சலோடுதான் பேசினாள்.

பக்கத்து அறையில் ஓட்டுநர் தலையாட்டிக்கொண்டிருந்தார். "ம்." சற்றுக் கழித்து, "சரி." பிறகு, "ம்ம், சரி சரி." கண்ணாடிக்கு வெளியே இளையவளின் முகம் மலர்ந்தது.

இருபது நிமிட வீடியோ முடிந்தது. திரையின் இடப்பாதியில் வீடியோ. வலப்பாதியில் அவர் வேலை செய்ய வேண்டிய வெள்ளைப் பரப்பு. வெள்ளைப் பரப்பு வெள்ளையாகவே இருந்தது.

இளையவளால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்தேவிட்டாள். "என்ன இது, ஒரு கோடுகூடப் போடல?"

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"நான் என்ன சொன்னேன் அதுல?"

அவர் நேர்மையாக யோசித்தார். "வழக்கமாச் சொல்றதுதான்னு நினைச்சேன்."

ஒன்பது ஆண்டு இல்லறத்தில் அந்தக் குரலுக்கு 'ம்' போட்டே பழகிய செவி அது. முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் பேச, ஒன்றையும் உள்ளே விடாமல் சாலையை மட்டும் நோக்கப் பயின்ற செவியும் அதுவே. குரல் தொடங்கியதும் 'ம்' தானாக வெளியே வந்தது; பொருள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

"திரும்பப் போடறேன். இந்தத் தடவையாவது கையை அசைங்க. தயவுசெஞ்சு!"

இம்முறை அவர் கையை அசைத்தார். "இந்தப் பட்டனை அழுத்துங்க" என்று வீடியோவில் அம்புக்குறி காட்டிய இடத்திலேயே அழுத்தினார். வீடியோ நின்றது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி அழுத்தினார். மறுபடி நின்றது.

"இது நொடிக்கு நொடி நிக்குதே" என்றார் கதவைத் திறந்து.

"நிக்காம? நீங்க வீடியோவுக்குள்ள இருக்கிற பட்டனை அழுத்துறீங்க! அது வெறும் படம்! வலது பக்கம் இருக்கிறதுதான் நிஜம்!"

"'இந்தப் பட்டன்'னு அம்பு போட்டுக் காட்டினது நீதானே?"

"ஐயோ!" என்றாள் இளையவள் உத்தரத்தைப் பார்த்து.

அலாரம் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மணி பதினொன்றரை ஆனபோது ஓட்டுநர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரல் இல்லாத வீடியோவில் ஒரு கை மட்டும் நகர்ந்தது. அந்தக் கையைப் பார்த்தபடி அவருடைய கை நகர்ந்தது, முன்னால் போகும் வண்டியைப் பார்த்து ஓட்டுவதைப்போல. இருபது நிமிடத்தில் ஒரு சிவப்புப் பந்து மேலிருந்து விழுந்து, தரையில் பட்டு, மூன்று முறை துள்ளி அடங்கியது.

"அண்ணா! துள்ளிடுச்சு!" என்ற கூக்குரல் இரண்டு கண்ணாடிச் சுவரையும் தாண்டிக் கேட்டது.

"எப்படிங்க?" என்றாள் இளையவள், ஓடிப்போய்.

"உன் சத்தத்தை நிறுத்தினேன். எல்லாம் பளிச்சுனு புரிஞ்சுபோச்சு."

வெற்றி பெற்ற ஒரு பெண்ணின் முகம் அவ்வளவு கோணியதை அந்த அலுவலகம் அதற்குமுன் கண்டதில்லை.

பரிசோதகரின் அறையிலும் ஒரு பந்து விழுந்தது. விழுந்த பந்து தரையைத் தொட்டது, தரையைக் கடந்தது, திரையின் அடிவிளிம்புக்குள் சத்தமின்றி இறங்கி மறைந்தது. அவர் இருபத்தாறாம் பக்கத்தின் முதல் படியிலிருந்து மறுபடி செய்தார். பந்து மறுபடி மறைந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. அவர் சலிக்கவில்லை, நான்காம் முறை தொடங்கினார். மணி பன்னிரண்டு அடித்தது.

அலாரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர் மென்பொருளையே அழிச்சார். இன்னொருத்தர் குரலையே அணைச்சார். இதை வச்சு நான் என்ன முடிவுக்கு வர்றது? இந்தச் சோதனை செல்லாது. பழையபடி ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். மேடம், மூணாவது பதிப்பு ஓடறதுக்கு அச்சகம் இன்னிக்கு இயந்திரத்தை ஒதுக்கி வச்சுக் காத்துக்கிட்டிருக்கு. நாலு மணிக்கு ஒப்புதல் தாளோட வரேன். கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

மூத்தவளுக்கு மூச்சு வந்தது. மேசை பிழைத்தது.

*

மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. கேன்டீனின் மூலை மேசையில் கணவரை உட்காரவைத்து, எதிரில் அமர்ந்தாள்.

"மானத்தை வாங்கிட்டீங்க. தம்பிக்குக் கூடத் துள்ளிச்சு. உங்களுக்கு ஒரு பந்தைத் துள்ள வைக்கத் தெரியல!"

"எனக்குத் தெரியாதுதான். அதனாலதானே கூப்பிட்டே?" அவர் தேநீரை ஆற்றினார். "ஆனா தப்பு என்மேல இல்ல. புத்தகத்துல இருக்கு."

"என்னது?"

"இருபத்தாறாம் பக்கம். மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பு வந்தது. ஆளு தப்புப் பண்ணினா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வரும். ஒரே மாதிரி வந்தா, தாள்ல தப்பு."

"ரெண்டு பதிப்பு வந்த புத்தகங்க அது! நானூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒத்தை ஆளா எழுதினேன். உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் மவுஸுன்னா என்னன்னு தெரியும்!"

"சரி" என்றார். "நான்தான் சொதப்பினேன்னு சொல்லிக்கோ. எனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோகாது. ஆனா லிஃப்டா இருந்தா இதுக்கு 'ஓட்டலாம்'னு நான் பச்சைச் சீட்டு ஒட்ட மாட்டேன். வேற யாராவது ஒட்டட்டும்."

அவர் தேநீரைக் குடித்தார். அவள் எழுந்து, நாற்காலி தரையில் கிறீச்சிட, தன் மேசைக்குப் போனாள். காட்டுகிறேன் என்று கணினியைத் திறந்தாள். பந்தை வரைந்தாள், தரையை வரைந்தாள், ஓடவிட்டாள். பந்து அழகாகத் துள்ளியது.

"பாருங்க!" என்று, அங்கே இல்லாத கணவரிடம் சொல்லத் திரும்பியவளின் கண் நூலின் மீது விழுந்தது. அது மூடியிருந்தது.

ஐயம் என்னும் சிறு முள் அங்கேதான் தைத்தது. நூலைத் திறந்தாள். தான் எழுதிய நூலை, வாழ்க்கையில் முதன்முறையாக, பிறர் எழுதியதைப் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தாள்.

ஆறாம் படி: பந்தை விடுக. ஏழாம் படி: தரையைப் பூட்டுக.

பூட்டுவது என்றால், இது கெட்டியான தரை, இதைக் கடந்து எதுவும் போகலாகாது என்று மென்பொருளுக்குச் சொல்வது. முதலில் பூட்ட வேண்டும். பிறகே பந்தை விட வேண்டும். அவளுடைய கை அப்படித்தான் செய்தது, எப்போதும் அப்படித்தான் செய்யும். நூல் மாற்றிச் சொன்னது. நூல் சொன்னபடியே செய்தாள். பந்து தரைக்குள் இறங்கியது.

முதல் பதிப்பை அலமாரியிலிருந்து உருவினாள். அதில் சரியாக இருந்தது: 'தரையைப் பூட்டுக; பந்தை விடுக.' இரண்டாம் பதிப்பில்தான் மாறியிருந்தது. மாற்றியவள் எவள் என்று தேட வேண்டியதில்லை. அந்தப் பிற்பகல் அவளுக்கு நினைவு வந்தது. 'விடுக' என்று முடிந்தால் அடி தொங்கியது. 'பூட்டுக' என்று முடித்தபோது, பாசுரத்தின் ஈற்றடியில் தாளம் விழுந்ததுபோல் வரி ஊன்றி நின்றது. வாய்விட்டு இருமுறை சொல்லிப் பார்த்து மகிழ்ந்து, மாற்றினாள். ஓசைக்காக. பந்தைப் பற்றி அந்தக் கணத்தில் அவள் நினைக்கவேயில்லை.

"ஆறையும் ஏழையும் மாத்திப் போட்டா சரியாயிடும் அக்கா."

இளையவள் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு மாசமாத் தெரியும்."

மூத்தவள் நாற்காலியோடு திரும்பினாள். "எட்டு மாசமா? எதிர் வீட்டுலதானே இருக்கே? தினம் ஒரே பேருந்துலதானே வரோம்? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? போன வருஷம் அட்டையில எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குன்னு சொன்னேன். நாலு நாள் என்னோட பேசல. எங்க வீட்டுலேருந்து ஒரு கரண்டி வேணும்னா மாமாவைத் தூது அனுப்பினீங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு எப்படித் தெரியும் எது ஒண்ணு, எது வேறன்னு?" இளையவளின் குரலும் உயர்ந்தது. "புத்தகம் வாங்கினவங்க சந்தேகம்னா எங்க பிரிவுக்குத்தான் எழுதுறாங்க. பந்து தரைக்குள்ள போகுது, பந்து தரைக்குள்ள போகுதுன்னு. அறுபது பேர் அக்கா! அறுபது பேருக்கும் நான்தான் உட்கார்ந்து பதில் எழுதினேன். உங்க பேரு அடிபடாம."

மூத்தவள் நூலை மூடினாள். பிறகு, கேட்க விரும்பாததைக் கேட்டாள். "என் பேரு அடிபடக் கூடாதுன்னா? இல்ல, புத்தகம் தானா விழட்டும்னு காத்துக்கிட்டிருந்தியா?"

இளையவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ரெண்டும்தான். எது முன்னால, எது பின்னாலன்னு எனக்கே தெரியல."

அந்த விடையை எதிர்த்துச் சண்டை போட முடியவில்லை. அதுதான் மூத்தவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

*

நான்கு மணிக்கு ஒரு நொடி முன்னதாக அலாரம் வந்தார். தாளை மேசைமேல் வைத்து, கையொப்பமிட வேண்டிய இடத்தில் விரலை ஊன்றினார்.

"இங்க. ஒண்ணுதான். அச்சகத்துலேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க."

மூத்தவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். விருந்தினர் நாற்காலியில் பரிசோதகர் அமர்ந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறியின் திருகுகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மேசை தள்ளி இளையவள் தன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் எதுவும் ஓடவில்லை. ஒருவரும் வாய் திறக்கப் போவதில்லை. ஒரு கையெழுத்து. மேசையும் மிஞ்சும், பெயரும் மிஞ்சும், திங்கட்கிழமையும் வழக்கமான திங்கட்கிழமையாக வரும்.

அவள் பேனாவை மூடினாள்.

"இது அச்சுக்குப் போகக் கூடாது சார். இருபத்தாறாம் பக்கம் தப்பு. காலையில நடந்த சோதனை செல்லும். என் வீட்டுக்காரர் சரியாத்தான் செஞ்சார். புத்தகம்தான் தோத்துச்சு."

அலாரம் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றிலும் உதவி கிடைக்கவில்லை. "இதைக் காலையிலயே சொல்லக் கூடாதா?"

"காலையில எனக்குத் தெரியாது."

"ஒரு வரிதானே மேடம்? ஒரு துண்டுத் தாள்ல திருத்தம் அடிச்சு உள்ள செருகிடலாமே? இன்னிக்கு விட்டா இயந்திரம் வேற வேலைக்குப் போயிடும். அப்புறம் இந்தப் புத்தகம் எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. வருமான்னே சொல்ல முடியாது."

"அந்த ஒரு வரிதானான்னு எனக்கு நிச்சயமில்ல சார். கேட்க நல்லா இருக்குன்னு இன்னும் எங்கெங்க மாத்தினேனோ. அவர் மாதிரி, ஒரு படிகூடத் தாண்டாம, முழுசையும் செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு மாசக்கணக்காகும்."

"கடவுளே" என்றார் அலாரம், முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்போ திங்கட்கிழமை..."

"தெரியும். வீடியோப் பிரிவு."

"ஒன்பது மணிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

ஓட்டுநர் பிற்பகல் வண்டிக்குப் போய்விட்டார். மற்ற மூவரும் வீடு திரும்பினார்கள். படியேறும்போது இரண்டாம் தளத்தின் திருப்பத்தில் பரிசோதகர் நின்றார்.

"அந்தப் பதினாலு பக்கம் இருக்கே, முன்னுரை. நல்லா இருந்தது."

"எரிச்சலைக் கிளப்பாதீங்க" என்றாள் மூத்தவள்.

"நிஜமாத்தான். ஒன்பதாம் பக்கத்துல கொஞ்சம் நின்னு யோசிச்சேன். அதனாலதான் நேரமாயிடுச்சு."

அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். ஆனால் ஒரு படி மெதுவாக ஏறினாள்.

முகம் கழுவிக்கொண்டு வருமுன்னே கதவு தட்டப்பட்டது. இளையவள் ஒரு தடித்த கோப்போடு நின்றாள். அறுபது பேரின் மின்னஞ்சல்களும், அவற்றுக்கு அவள் எழுதிய பதில்களும், அச்செடுத்துத் தேதிவாரியாகத் துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தன. தாளே வேண்டாம் என்று ஊருக்குச் சொல்கிறவள் அவற்றையெல்லாம் தாளில் வைத்திருந்தாள். மூத்தவள் அதைக் கவனித்தாள், குத்திக்காட்ட நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டாள்.

கோப்பின் அடியில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. மின்னஞ்சல் அன்று, கையால் முகவரி எழுதிய கடிதம்.

"இதுக்கு மட்டும் நான் பதில் எழுதல அக்கா. பிரிக்கவும் இல்ல. 'நூலாசிரியர் கையில் மட்டும்'னு போட்டிருக்கு."

"எப்ப வந்தது?"

"எட்டு மாசம் முன்னாடி. முதல்ல வந்ததே இதுதான்."

மூத்தவள் உறையைப் புரட்டினாள். பின்பக்கத்தில் அனுப்பியவர் பெயர் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து... அந்தச் சாய்ந்த எழுத்தை அவள் எங்கோ கண்டிருக்கிறாள். விரல் உறையின் ஓரத்துக்குப் போனது. பிறகு, வேண்டாம், இது இந்த மனத்தோடு பிரிக்க வேண்டியதன்று என்று அதைக் கோப்பின் மீதே வைத்தாள்.

கூடத்தின் மூலையில் சிறு மாடம் ஒன்று. அவள் விளக்கின் திரியைத் தூண்டி ஏற்றினாள். நாள்தோறும் அந்த நேரத்தில் அவள் பாடுவாள்; எதிர் வீட்டுக்கும் கேட்கும்படி, ஒவ்வோர் அடியும் ஊன்றி நிற்கும்படி பாடுவாள். இன்று உதடு மட்டும் அசைந்தது. சொல் ஒவ்வொன்றையும் அதன் பொருளோடு, ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் முன்பின் மாற்றாமல் மனத்துக்குள் சொன்னாள். ஓசையை ஓசைக்கு உரியவனிடமே விட்டுவிட்டாள். வரம் ஒன்றும் கேட்கவில்லை. கைகூப்பி நின்றாள், சுடர் அசையாமல் நின்றது.

திரும்பியபோது இளையவள் இன்னும் வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

"திங்கக்கிழமையை நினைச்சாப் பயமா இருக்கு அக்கா. உங்களுக்குப் போய் நான் எப்படி வேலை சொல்லுவேன்?"

"வாயாலதான் சொல்லணும். தம்பி மாதிரி நான் வெறும் 'ம்' போட்டுக்கிட்டிருக்க மாட்டேன், பயப்படாதே."

இளையவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூத்தவள் அருகே போய், இன்னும் ஈரம் உலராத கையை அவள் தலைமேல் வைத்தாள்.

"நல்லா இரு. உன் வாய்லேருந்து தப்பு வராம இருக்கட்டும். வந்தா, அன்னிக்கே வந்து முகத்துக்கு நேராச் சொல்றதுக்கு, எதிர் வீட்டுல ஒருத்தி எப்பவும் இருக்கட்டும்."